மூன்று மெஷினுக்கும் ஒராள்

காலையில் லேபின் உள்ளறையில் அந்த நாற்காலியைக் கதவை ஒட்டிய சுவரோரம், முதுகு சுவரில் முட்டும்படி தள்ளி வைத்துவிட்டுத்தான் பிரீனா வெளியே வந்தாள். சாயங்காலம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அது அறையின் மறுகோடியில், அமெரிக்க மெஷினின் முன்னால் நின்றது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல லேசாக ஒரு பக்கம் திரும்பி.

"அக்கா, உள்ள போனியளா?"

லேபைக் கூட்டித் துடைக்கும் ஜெயபாய் மாப்பைப் பிழிந்துகொண்டே தலையை ஆட்டினாள். "அந்த ரூமுக்குள்ள நானா? மதியம் நீ கூட நின்னதுகொண்டு தொடச்சேன். அதோட செரி. ஏன்?"

"நாற்காலி நீங்கியிருக்கு."

"தரை சரிவாக்கும் பிள்ளே. சக்கரம் வச்ச சாமானம். தன்னால உருண்டிருக்கும்."

தரை சரிவுதான். ஆனால் அந்த அறையில் தண்ணீர் விட்டால் அது கதவுப்பக்கம், இந்த முன்னறைக்குத்தான் வடிந்து வரும். நாற்காலி போயிருந்தது மேட்டுக்கு. பிரீனா அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஜெயபாய் இப்போதே கிளம்பிவிடுவாள்.

அன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். குளச்சலில் பாதிக் கடைகள் மதியமே அடைத்துவிட்டன. மீன் ஏலமும் சீக்கிரம் முடிந்ததால் சோதனைக்கு மீனோ கணவாயோ எதுவும் வரவில்லை. லேபில் மற்ற எல்லோரும் பூவும் மெழுகுதிரியுமாகப் போய்விட்டார்கள். வாசலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. ஐஸ் பெட்டிகளின் பழைய மீன்வாடையும், உள்ளறையிலிருந்து கசியும் கரைப்பான்களின் இனிப்பு வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன.

"டைட்டசுக்கு மெழுகுதிரி வாங்கினியா?" என்றாள் ஜெயபாய்.

"வாங்கியாச்சு." மேசைமேல் காகிதம் பிரிக்காமல் இருந்தது கட்டு. "வேலை முடிஞ்சா இனயத்துக்குப் போய் அண்ணனுக்க கல்லறையில வைப்பேன். முடியலேன்னா இங்கயே ஒண்ணு கொளுத்தலாம்னு நெனச்சேன்."

ஜெயபாய் மாப்பைக் கீழே வைத்தாள். "எங்க சி.எஸ்.ஐ. சபையில இதொண்ணும் கெடையாது. உங்க ஆளுவ பறைஞ்சு கேட்டதாக்கும். திரி எங்க எரியுதோ அங்கதான அவிய வருவாவ? கல்லறையில வச்சா கல்லறைக்கு வருவாவ. செத்த எடத்துல வச்சா?"

"பயம் காட்டாதுங்கோ அக்கா."

"பேடி எனக்காக்கும். நான் ஆறரை பஸ்ஸுக்குப் போறேன். நீயும் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு வா."

"அந்த சாஃப்ட்வேரை ஓட்டிப் பாக்கத் தந்த தவணை இண்ணையோட தீருது. இது ஓடுதா இல்லையான்னு இண்ணைக்குச் சொல்லணும். இல்லேன்னா திங்கக்கிழமை நான் பழையபடி உள்ளதான் இருக்கணும்."

ஜெயபாய் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

உள்ளறையில் மூன்று மெஷின்கள். ஜப்பான்காரன் செய்தது ஒன்று, ஜெர்மன்காரன் செய்தது ஒன்று, அமெரிக்காக்காரன் செய்தது ஒன்று. மீனில் கலந்திருக்கும் வேண்டாத மருந்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வேலை மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாஃப்ட்வேர், ஒரு பிடிவாதம். அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்த டைட்டஸ் அண்ணன் ஒரே ஆளாக மூன்றையும் மேய்த்தார். நாற்காலியை விட்டு எழவே மாட்டார். காலால் தரையை ஒரு உந்து உந்தினால் கரகரவென்று உருண்டு அடுத்த மெஷின் முன்னால் போய் நிற்பார். கரகர, நிறுத்தம், இரண்டு தட்டு. கரகர, நிறுத்தம், இரண்டு தட்டு. ஓட்டுமுன் ஒவ்வொரு மெஷினின் மூடியிலும் விரலால் இரண்டு தட்டு தட்டுவார், பிள்ளையின் முதுகில் தட்டுவது போல. இந்த முன்னறையிலிருந்து கேட்டால் யாரோ தாளம் போடுவது போலிருக்கும்.

"ஏன் அண்ணே, தானா ஓடுகதுதான? நீங்க வெளியே வந்து ஒரு சாயா குடிக்கப்பிடாதா?" என்று பிரீனா கேட்பாள்.

"இதுவளுக்கு ஒராள் வேணும் மக்கா. ஆளில்லாத ரூமுல இதுவ நிக்காது."

போன மழைக்காலத்தில், ஜெர்மன் மெஷினுக்குப் போகிற நைட்ரஜன் குழாயில் ஒரு நட்டு இளகிவிட்டது. மணம் இல்லாத காற்று, அறையின் ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிடும். ஏசி அறை, அடைத்த கதவு. மூச்சு முட்டவும் முட்டாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்குமாம். பிரீனா கதவைத் திறந்தபோது டைட்டஸ் அண்ணன் கீபோர்டில் நெற்றியை வைத்துப் படுத்திருந்தார். திரை முழுக்க ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மெஷின்களும் வேலை செய்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் சுவரில் ஆக்ஸிஜன் மீட்டர் வந்தது. இருபது புள்ளி ஒன்பது என்று சிவப்பில் எரியும். குறைந்தால் கத்தும். அந்த நாற்காலியில் பிரீனா உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்தாள். உந்தும்போதெல்லாம், தான் நினைத்ததைவிட ஒரு அடி கூடுதலாகவே அது உருண்டது.

எல்லா மெஷினுக்கும் ஒரே சாஃப்ட்வேர் வேண்டும், ஆடிட்டுக்கு அதுதான் நல்லது என்று முதலாளியிடம் அவள்தான் சொன்னாள். அது பொய்யல்ல, முழுக்க உண்மையும் அல்ல. நாகர்கோவிலிலிருந்து வந்த சர்வீஸ் எஞ்சினியர் சத்தியராஜிடம் மட்டும் ஒன்றைக் கேட்டாள். "அந்த ரூமுக்குள்ள ஆள் போகாம ஓட்டணும். அப்படி எது உண்டு?"

"இப்படிக் கேக்குற முதல் கஸ்டமர் நீங்கதான் மேடம்," என்று சிரித்தான்.

ஜெர்மன்காரனுடைய சாஃப்ட்வேர் ஜப்பான் மெஷினின் பம்பை ஓட்டியது, குப்பியிலிருந்து சாம்பிளை உறிஞ்சும் ஊசிக்கையை ஓட்டவில்லை. அதற்கு ஆள் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். ஜப்பான்காரனுடையது ஜெர்மன் மெஷின் என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது, மெஷின் எதையும் செய்யாமல் சாஃப்ட்வேர் மட்டும் செய்கிற ஒரு கம்பெனியுடையது. மூன்றையும் தொட்டது. பம்பு, ஊசி, விளக்கு, நைட்ரஜன் வால்வு வரைக்கும். எல்லாம் ஒரு வயர் வழியாக, இந்த முன்னறை மேசைக்கு. உள்ளே இருந்த மூன்று கம்ப்யூட்டர்களையும் இன்று காலையில்தான் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பினாள். அவை இருந்த இடத்தில் தூசி படியாத மூன்று வெளிறிய சதுரங்கள் மட்டும் மேசையில் கிடந்தன.

இனி அந்த அறைக்கு ஆள் வேண்டாம்.

பிரீனா மௌஸை அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் மூன்று மெஷின்களிலும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு. மூன்று ஊசிக்கைகளும் ஒன்றாக உயர்ந்து, ஒன்றாக நகர்ந்து, ஒன்றாகக் குப்பிக்குள் இறங்கின. குப்பிகளில் வெறும் கரைப்பான்தான். எப்போதும் முதலில் வெறுமையைத்தான் ஓட்டுவார்கள். வெறுமைக்குக் கோடு நேராக வர வேண்டும். திரையில் மூன்று கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கடல் அடங்கிய நாளின் தொடுவானம் போல நேராக ஊர்ந்தன. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. முடிந்தது. திங்கட்கிழமை முதல் இந்த மேசை, இந்த ஜன்னல், இந்த மழை.

மழை இப்போது கூரையைப் பெயர்த்துவிடும் போலக் கொட்டியது. இனயத்துக்கு இனிமேல் போக முடியாது. கட்டிலிருந்து ஒரு மெழுகுதிரியை உருவினாள். இந்தக் கட்டிடத்தில் நெருப்பு கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நன்றி சொல்லாமல் இருப்பதெப்படி? ஒரு பழைய மூடியில் மெழுகை உருக்கி ஊற்றி, மேசை ஓரத்தில் திரியை நிறுத்தினாள்.

"அண்ணே, போரும். இனி நிம்மதியா இருங்கோ," என்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

கரகர.

மழைச் சத்தத்துக்கு அடியில். மெதுவாக. பிறகு ஒரு நிறுத்தம்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தரை சரிவு, சக்கரம் வைத்த சாமான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஏசியின் முனகல், பம்புகளின் சீரான துடிப்பு, ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் சிமெண்டில் அறையும் ஓசை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்துப் பார்த்தாள், இதோ இது இன்னது, இதோ இது இன்னது என்று. ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை.

இரண்டு தட்டு.

திரையில் ஜப்பான் மெஷினின் கோடு எழுந்தது. வெறும் கரைப்பானில். நெட்டையாக, கூர்மையாக ஒரு சிகரம். எழுந்து இறங்கியது.

கரகர. நிறுத்தம். இரண்டு தட்டு.

ஜெர்மன் மெஷினின் கோடு எழுந்தது. அதே உயரம்.

மூன்றாவது முறை கரகரத்தபோது பிரீனா ஃபோனை எடுத்துவிட்டிருந்தாள்.

"சத்தியராஜ், ரன் தன்னால மாறுது. என்னன்னு பாருங்க."

"ஒரு நிமிஷம் மேடம், இங்கேருந்தே உங்க ஸ்கிரீனைப் பாக்குறேன்." அவன் இருந்த இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை சிரித்தது. அந்தச் சத்தத்தை அவள் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கொடுத்த ரன்னை நிறுத்திட்டாங்க மேடம். வேற ரன் கொடுத்திருக்காங்க."

"ஆரு?"

"உள்ள இருக்கிறவங்கதான். கமாண்டு உங்க மேசையிலேருந்து போகல. லேப் கம்ப்யூட்டர்லேருந்து போகுது. அவருகிட்ட கையை எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரு ஓட்டுனா சிக்கலாயிரும்."

"உள்ள கம்ப்யூட்டரே கெடையாது."

"அப்போ எப்படி மேடம்?" அவன் சிரிக்கப் பார்த்தான். "இருங்க. இப்போ அவரு நைட்ரஜன் வால்வைத் தொறக்குறாரு. அதை மூடச் சொல்லுங்க. மேடம்? லைன்ல…"

ஃபோன் செத்தது.

திரையில் வால்வின் படம் பச்சையாக இருந்தது. அவள் மூடினாள். சிவப்பு. பச்சை. மூடினாள். பச்சை. அம்புக்குறி அவள் கையின் கீழிருந்து நழுவி, அவசரமில்லாமல், பழகிய கை நகர்த்துவது போல ஓரமாகப் போய் நின்றது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய ஓசை.

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் சுவர் மீட்டரில் பத்தொன்பது. பார்க்கப் பார்க்கப் பதினெட்டு. அது கத்தவில்லை. மூன்று ஊசிக்கைகளும் பாதி வழியில் தூக்கியபடி நின்றன. எதையோ எதிர்பார்த்து. அமெரிக்க மெஷினின் முன்னாலிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அது மெல்லப் பின்வாங்கியது. கரகரவென்று அறையின் குறுக்கே வந்து, காலையில் அவள் தள்ளிவைத்த அதே சுவரோரம் போய், முதுகு முட்ட ஒதுங்கி நின்றது.

இடம் விட்டுக்கொடுப்பது போல.

மெஷின்களின் முன்னால் ஒரு நாற்காலி அளவுக்கு வெற்றிடம்.

வாசலுக்குப் போக வேண்டும். எழ வேண்டும். எழுந்துவிட்டதாகவே நினைத்தாள். கால் எங்கோ தூரத்தில் இருந்தது. நல்ல தூக்கம் வருவது போலிருந்தது. இந்த அறைக்கு நைட்ரஜன் குழாயே கிடையாது. கிடையாது. மேசை ஓரத்தில் மெழுகுதிரியின் சுடர் காற்றில்லாமல் குறுகியது. நீலமானது. ஒரு பாசிமணி அளவு. ஒரு பொட்டு அளவு.

உள்ளறைக் கதவின் பிடி கீழே இறங்கியது. கதவு அகலத் திறந்தது. குளிர்ந்த இனிப்பு வாடை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

அவளுடைய முன்னறை நாற்காலியின் கீழே, கரகர.

சரிவுக்கு எதிராக. மேட்டை நோக்கி. குதிகால் இரண்டும் தரையில் இழுபட, செருப்பு ஒன்று கழன்று வழியில் கிடக்க, மெல்ல, அவசரமில்லாமல், யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல. நிலைப்படி தாண்டியது. மீட்டர் தாண்டியது. மூன்று பச்சை விளக்குகள். தூக்கிய மூன்று ஊசிகள். நடுவில் அந்த வெற்றிடம், அவள் அளவுக்கு.

நாற்காலி நின்றது.

அவள் முதுகில் இரண்டு தட்டு.

மூன்று ஊசிகளும் ஒன்றாக இறங்கத் தொடங்கின.