அறுபதாவது வளையம்

1969, டிசம்பர் 24. காலை 6:10.

ஞானதீபம் அம்மாள் அலமாரியின் பூட்டைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூடியைக் கழற்றி ஒரு வளையத்தை எடுத்து ஓரத்தைக் கடித்தாள். கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

6:20. ஞானதீபம் கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்னாக்கா, பாம்பு கீம்பு பூந்துட்டுதா?"

"இந்த டின்னுல இருக்கறது எதுவும் நான் சுட்டதில்லடி."

"அப்ப உங்களுது திருட்டுப் போச்சா?"

"போச்சு. ஆனா டின்னு நெறைய இருக்குது. எவளோ சுட்டதை வச்சுட்டு என்னுத எடுத்துக்கிட்டுப் போயிருக்குது."

திருடன் எடுத்துக்கொண்டு போவான். எடுத்த இடத்தில் அதே பண்டத்தை அதே அளவுக்கு வைத்துவிட்டுப் போகும் திருடனை விருத்தாம்பாள் கேள்விப்பட்டதில்லை. அவளுக்கு விரல் நுனி துறுதுறுத்தது.

அவளுக்கு அது பழகிப்போன துறுதுறுப்பு. பீங்கான் பட்டறையில் பதினாறு வருஷமாகத் தரம் பிரிக்கிறவள் அவள். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் கண்ணால் பார்த்து, நகத்தால் தட்டி, காதால் கேட்பாள். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அவள் கழித்துப் போட்டதைப் பட்டறை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். தெருவில் கொலுசு தொலைந்தாலும் கோழி தொலைந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வளையங்களின் கதையும் அவளுக்குத் தெரியும். டென்மார்க்கிலிருந்து ஊழியத்துக்கு வந்த கிரேத்தா அம்மாவிடம் ஞானதீபம் பதினொரு வருஷம் சமையல் செய்தாள். கிறிஸ்மஸ் வந்தால் அந்த அம்மாவின் ஊர்ப் பலகாரம். வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசைந்து, முறுக்கு அச்சில் நட்சத்திரத் தகடு போட்டுப் பிழிந்து, சின்னச் சின்ன வளையமாகச் சுற்றி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்த தகரப் பெட்டியில் சுடுவது. அந்த அம்மா ஊர் திரும்பியபின், ஞானதீபத்தின் குடும்பத்தார் கிறிஸ்மஸுக்குக் கூடுவதே இந்த வளையங்களைச் சுற்றித்தான். மத்தியானத்துக்குள் இருபது பேர் வந்து இறங்கிவிடுவார்கள்.

6:30.

"எப்பக்கா சுட்டீங்க?"

"முந்தாநாள் சாயங்காலம். என் அளவுக்கு அறுபதுதான் வரும். மொத வளையத்தை எப்பவும்போல சூட்டோட ஒடைச்சேன். பாதி இவருக்கு."

"மீதிப் பாதி?"

"காக்காய்க்கு." ஞானதீபம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆறவச்சு டின்னுல அடுக்கிப் பூட்டுனேன். சாவி என் இடுப்புலதான்."

"எந்நேரமுமா?"

"நேத்து ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் சர்ச்சுல நட்சத்திரம் கட்டப் போனேன். அப்ப சாவியை ஆணியில மாட்டிட்டுப் போனேன்."

"அந்த நேரத்துல வூட்ல யாரு?"

இரண்டு பேர். மிஷன் ஜீப் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் ஆசீர்வாதம். நெய்வேலியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த மகன் தங்கதுரை.

தங்கதுரை பல் குச்சியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பிசாசு வந்து பிஸ்கட் சுட்டு வச்சுட்டுப் போயிருக்கும்மா. நல்லா சுட்டிருக்குதா?"

"என்னுதைவிட நல்லா இருக்குது. அதான்டா பயமா இருக்குது."

"ஏன் வம்பு? குழி தோண்டிக் கொட்டு. நான் போயி கடைத்தெருவுல பிஸ்கட் வாங்கியாறேன்."

"கொட்டாத!" என்றார் ஆசீர்வாதம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டார். "எதுக்குக் கொட்டணும்? இரு, எண்ணிப் பாக்கறேன்."

அவர் முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினார். மனைவி கையிலிருந்த கடித்த வளையத்தையும் சேர்த்துக்கொண்டார்.

"அறுபது. எல்லாம் சரியாத்தான் இருக்குது."

"யாரு சுட்டதுன்னு தெரியாம ஒருத்தர் வாயிலயும் இதை வைக்க விடமாட்டேன்," என்றாள் ஞானதீபம். "ஏழரை மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் குழிதான்."

6:50.

விருத்தாம்பாள் ஒரு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். மாவுக்குள் கடுகைவிடப் பொடிசாகக் கறுப்புப் புள்ளிகள். முகர்ந்தாள். பூவாசனையும் இல்லை, ஏலக்காயும் இல்லை.

"இது என்னா வாசனைக்கா?"

"தெரியல. நான் ஏலக்காய்தான் போடுவேன்."

டொக். நகத்தால் தட்டாமலே விருத்தாம்பாளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"கிரேத்தா அம்மா என்னா போடுவாங்க?"

"அவங்க ஊர்லேருந்து வர்ற கறுத்த குச்சி, வெனிலான்னுவாங்க. சர்க்கரை ஜாடியில பொதைச்சு வச்சிருப்பாங்க. போறப்ப அந்த ஜாடியை… ஒருத்திக்குக் குடுத்துட்டுப் போனாங்க."

விருத்தாம்பாள் வளையத்தைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழப்பு. ஞானதீபத்தின் இரும்புத் தட்டில் வெந்திருந்தால் சொரசொரப்பாக இருக்கும். இன்னொன்றைக் கவிழ்த்தாள். இன்னொன்று. ஐந்தாவதில் ஒரு சின்னத் தழும்பு, மீன்முள் அளவுக்கு மேலெழுந்து நின்றது. பதினேழாவதிலும் அதே தழும்பு, அதே வளைவு. முப்பத்தொன்றாவதிலும்.

அந்த வளைவை அவளுக்குத் தெரியும்.

"அக்கா, கடிச்சதைத் துப்புனீங்களா?"

ஞானதீபம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "முழுங்கிட்டேன்."

7:15.

"எல்லாரும் ஒக்காருங்க," என்றாள் விருத்தாம்பாள்.

தழும்புள்ள மூன்று வளையங்களையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

"இதெல்லாம் பீங்கான் தட்டுல வெந்தது. தட்டுல ஒரு எடத்துல மெருகு ஒட்டாம பள்ளம் விழுந்திருக்குது. அந்தப் பள்ளத்து மேல வச்ச வளையத்துல மட்டும் தழும்பு ஏறும். ஒரே தட்டை மறுபடி மறுபடி சூடேத்தியிருக்காங்க. அந்தத் தட்டை ஐப்பசி மாசம் கழிச்சுப் போட்டது நான்தான். வூட்டுக்கு ஆகும்னு கேட்டு வாங்கிட்டுப் போனது எங்க பட்டறையில அச்சு வேலை பாக்கற பக்கிரி."

தங்கதுரை வாயிலிருந்த குச்சியை எடுத்தான். ஆற்றுக்கு அக்கரையில் குயவர் தெருவில் இருக்கும் பக்கிரி யாரென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டு மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அன்றைக்கு ஞானதீபம் இரண்டு சபதம் போட்டாள். அவள் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டேன். அவள் பேரை வாயால் சொல்ல மாட்டேன்.

"சரி, டின்னுக்குள்ள கொண்டாந்து வச்சது யாரு?" என்றான் தங்கதுரை. "நான் இல்ல."

"நீ இல்லதான். மாமா, நீங்க எண்ணுனீங்களே, எத்தனை?"

"அறுபது."

"அக்கா சுட்டது அறுபது. ஒண்ணை ஒடைச்சு ஒரு பாதி உங்களுக்குத்தான் குடுத்தாங்க. டின்னுக்குள்ள போனது அம்பத்தொம்போது. வாயில போட்டு மென்னவருக்கு அது மறந்துடுமா? ஒண்ணு கூடுதலா இருக்குதேன்னு நீங்கதான் மொதல்ல திடுக்கிட்டிருக்கணும். நீங்க சரியா இருக்குதுன்னீங்க."

ஆசீர்வாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைத்தெருவுல நம்ம பொண்ணைப் பாத்தேன், ஞானதீபம். கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுது. 'நான் சுட்டதை அம்மா ஒரு தடவை சாப்பிடணும்ப்பா. அம்மா சுட்டதை நான் ஒரு தடவை சாப்பிடணும்'னுச்சு. நேத்து சைக்கிள்ல போயி மாத்திக்கிட்டு வந்தேன். ஜாடியில மிச்சம் இருந்த கடைசிக் குச்சியையும் கீறிப் போட்டுடுச்சாம். உன்னுதை எண்ணிப் பாத்து, ஒண்ணு கொறையுதேன்னு கேட்டுது. மொத வளையத்தை அம்மா இன்னமும் ரெண்டாத்தான் ஒடைக்கறான்னேன். அங்கயே ஒக்காந்து அழுவுது."

விருத்தாம்பாள் ஞானதீபத்தின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு முடிச்சு இருக்குதுக்கா. வெஷமோன்னு பயந்தவ துப்பியிருப்பா. நீங்க முழுங்குனீங்க. பதினொரு வருஷம் அந்த அடுப்படியில நின்னவங்களுக்கு இந்த வாசனை தெரியாதா? மொத கடியிலயே உங்களுக்கு ஆளு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

ஞானதீபம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க சொல்லமாட்டீங்க. வேற ஒரு வாய் சொல்லி நீங்க கேக்கணும். அதானே?"

"யாருடி சுட்டது?" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சொல்லுடி."

"சுகிர்தம்."

ஞானதீபம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"சுகிர்தம், அக்கா. உங்க மவ சுகிர்தம். ஒன்பது வருஷமா அவ பாதியைத்தானே காக்காய்க்குப் போடறீங்க? ஒரு சபதம் காலையிலயே வயித்துக்குள்ள போயிடுச்சு. மிச்சம் ஒண்ணுதான்."

7:30. குழி தோண்ட யாரும் போகவில்லை. தங்கதுரை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான்.

8:40.

வாசலில் சைக்கிள் நின்றது. பின்னால் கையில் ஐம்பத்தொன்பது வளையங்களோடு ஒருத்தி. அவளுக்கும் பின்னால், உள்ளே வரலாமா என்று தெரியாமல் பக்கிரி. அவள் படி ஏறவில்லை. மூடிய டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எண்ணிப் பார்த்ததோடு சரி, அதில் ஒன்றைக்கூட அவள் தின்றிருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஞானதீபத்தின் குரல் வந்தது. கோபமான குரல்தான்.

"ஏன்டி சுகிர்தம், இம்மாம் வெண்ணெயா போடுவாங்க? கடிக்கறதுக்குள்ள கரையுது. மாப்பிள்ளையை ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்க? உள்ள வாங்க."

விருத்தாம்பாளின் காதில் அது 'ணங்' என்று விழுந்தது.

ஞானதீபம் மகள் சுட்ட வளையம் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதி ஆசீர்வாதத்துக்கு. கொல்லை மதிலில் வழக்கமாக வரும் காகம் கழுத்தைச் சாய்த்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதற்கு ஒன்றும் விழவில்லை.