சூரியபிரகாஷின் டிஸ்க் பிரேக்

ஆம்பூரில், ஒரு பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில் மாலை நாலரை மணிக்குச் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. பேச்சாளர், ஏழாம் வகுப்பு சூரியபிரகாஷ். பொருள், நேற்று வாங்கிய அவனுடைய டிஸ்க் பிரேக் சைக்கிள்.

“ரப்பர் கட்டை பிரேக்கெல்லாம் அந்தக் காலம்,” என்றார், பிறந்து பன்னிரண்டு வருடமே ஆன பேச்சாளர். “மழை வந்தா வழுக்கும். டிஸ்க் அப்படியில்ல. தொட்டா நிக்கும்!”

சொல்லிவிட்டு, அதே தெருவைச் சேர்ந்த வகுப்புத் தோழி அக்சாவின் சைக்கிளைப் பார்த்தான். அதில் இருந்தது ரப்பர் கட்டை.

“மழையில கொஞ்சம் முன்னாடியே பிடிப்பேன். நிக்கும்,” என்றாள் அக்சா.

“இன்னிக்கி சோபனாவ பின்னாடி உக்காரவெச்சி, மேம்பாலத்துல சர்ருனு இறங்கப் போறேன். பாரு!”

சோபனா அவன் தங்கை. ஒன்றாம் வகுப்பு. அண்ணன் சொன்னால் ரயிலே நிற்கும் என்று நம்புகிறவள். மேம்பாலத்து இறக்கம் முடியும் இடத்தில் நெடுஞ்சாலை. அங்கே தோல் ஏற்றிய லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை.

அக்சா குனிந்து, அவன் சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருந்த வட்டமான டிஸ்க் தகட்டைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. ஷூ கம்பெனியிலிருந்து வரும் அவள் அப்பாவின் சட்டை வாசனை அடித்தது.

“இதுக்கு இன்னா போட்ட?”

“ஷூவுக்குப் போடுற பாலிஷ் எண்ணெய். வீட்லருந்து எடுத்தாந்து இப்பதான் போட்டேன். ரெண்டு டிஸ்குக்கும் ரெண்டு கோட்டு! புது வண்டியாச்சே.”

அவர்கள் தெருவில் அப்படித்தான். பையோ, பெல்ட்டோ, நாற்காலியோ, புதிதாக எது வந்தாலும் பாலிஷ் போடாமல் விடமாட்டார்கள்.

“எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது சூர்யா.”

“உனக்குப் பொறாமை ஜாஸ்தி!”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அக்சாவின் காது சூடாகியது. போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் சோபனா ஏற்கெனவே கேரியரில் ஏறி, அண்ணன் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

“சரி, தொட்டா நிக்கும்னியே, எனக்கு ஒருக்கா காட்டேன். மைதானத்துல. சோபனாதான் அம்பயர்.”

செய்து காட்டச் சொன்னால் எந்தப் பேச்சாளர் மறுப்பார்? நீளம் தாண்டும் மணல் குழிக்கு முன்னால், அக்சா குதிகாலால் கோடு கிழித்தாள். அம்பயர் கேரியரிலிருந்து இறங்கிக் கோட்டருகே நின்றாள்.

சூரியபிரகாஷ் வேகமாக வந்தான். கோட்டில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினான். டிஸ்க் மின்னியது. சைக்கிள் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி மணலுக்குள் பாய்ந்து, அவனோடு சேர்ந்து சாய்ந்தது.

“நோ பால்!” என்றாள் சோபனா.

அவன் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடி தங்கையையே பார்த்தான்.

“மேம்பாலத்துல...” என்று தொடங்கினான்.

அக்சா கைகொடுத்துத் தூக்கினாள். “அடிபட்டுச்சா? கடையில டிஸ்க்க சுத்தம் பண்ணி, அதப் பிடிக்கிற கட்டைய மாத்திக் குடுப்பாங்க. அப்புறம் நல்லா நிக்கும்.”

“யார்கிட்டயும் சொல்லிடாத.”

“எதை?” என்றாள் அக்சா.

மேம்பாலத்தில் சோபனா அக்சாவின் கேரியரில் வந்தாள். சூரியபிரகாஷ் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். உச்சிக்கு வந்ததும் அக்சாவும் இறங்கிவிட்டாள்.

“உன்னோடதுதான் நிக்குமே?” என்றான் சூரியபிரகாஷ்.

“நான் மட்டும் போனா நிக்கும். ரெண்டு பேருக்கு நிக்குமான்னு இன்னும் பாக்கல.”

கீழே லாரிகள் இரைந்து போயின. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். டிஸ்குக்கும் ரப்பருக்கும் அன்று பெரிதாக வேலையில்லை. சோபனா மட்டும் கால்களை ஆட்டியபடி, ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.