பூட்டு எங்கே, அண்ணா?

போன் அலறியது.

கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, கட்டிலில் கிடந்த லேத் பட்டறை முதலாளி ரிசீவரை எடுத்தார். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. பத்து நாள் கடும் மருந்து அவருடைய எலும்பு மஜ்ஜையைத் துடைத்து எடுத்திருந்தது. இன்று தங்கையின் ரத்த ஸ்டெம் செல் உடம்பில் ஏறினால் பிழைப்பார்.

ஏறாவிட்டால்... ஒரு சாதாரணச் சளியே ஆளை முடித்துவிடும்.

வெளியே தங்கை ரிசீவரும் கையுமாக நின்றிருந்தாள். பக்கத்தில் முகமூடியும் வெள்ளைக் கோட்டுமாக ஓர் ஆள். வெளிப்பக்கத்துப் போனின் ஸ்பீக்கர் உயிரோடு இருந்தது.

"வந்துட்டியாம்மா... செல் எடுக்கற மெஷின்ல எப்ப படுக்கப் போறே?"

"படுக்கறதா இல்லைண்ணா."

"விளையாடற நேரமா இது?"

"ரெண்டு வருஷமா ஒரே கேள்விதான் எனக்கு. பூட்டு எங்கே?"

முதலாளி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன், லேத் வேலையும் தெரிந்தவன். அண்ணனின் பட்டறையில் ஒயர் மாற்றும்போது கரண்ட் பாய்ந்து செத்தான். 'மெயின் ஸ்விட்சைப் பூட்டாம வேலை பாத்தாரு, போயிட்டாரு' என்று போலீஸில் சொன்னது இதே அண்ணன்தான். கேஸ் அன்றே மூடியாகிவிட்டது.

"மெயினை அணைச்சு, பூட்டி, சாவியைப் பையில போடாம அவர் ஒரு ஒயரைத் தொட மாட்டார். சாவி சட்டைப் பையில இருந்துச்சு. பூட்டை மட்டும் காணோம்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"சரி... நான் கிளம்பறேன்."

சும்மா மிரட்டவில்லை. ரிசீவரைத் தொங்கவிட்டு நடந்தேவிட்டாள். ஐந்தடி... பத்தடி...

"நில்லும்மா... நான் செத்துடுவேன்!"

அவள் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"அவரும்தான் செத்தாரு. உனக்காவது முன்கூட்டியே தெரியுது."

முதலாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை தனிப் பட்டறை வைக்கப் போறேன்னார். என் கஸ்டமர் பாதிப் பேர் அவர் பின்னாடி போயிருப்பாங்க. ஆத்திரம் கண்ணை மறைச்சிருச்சு... பூட்டைக் கட்டரால வெட்டி மெயினைப் போட்டேன். கம்ப்ரஸர் மேடைக்கு அடியில கிடக்கு. மேல சிமெண்ட் பூசிட்டேன்."

இந்த ஆளை இத்தனை வருஷம் அண்ணா என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வெள்ளைக் கோட்டு முகமூடியை இறக்கியது. போலீஸ் இன்ஸ்பெக்டர்!

"மேடையை உடைங்கய்யா" என்றார் செல்போனில். பட்டறை வாசலில் காலையிலிருந்தே இரண்டு கான்ஸ்டபிள்கள் கடப்பாரையோடு நின்றார்கள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. வெட்டுப்பட்ட பூட்டு கிடைத்துவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல... போய் ஸ்டெம் செல்லைக் குடும்மா" என்று கெஞ்சினார் அண்ணன்.

"குடுத்தாச்சே."

"எப்போ?"

"உனக்கு மருந்து ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே. அஞ்சு நாள் ஊசி, நாலு மணி நேரம் மெஷின். இங்க செல்லை எடுத்து ஃப்ரீஸர்ல வெச்ச பிறகுதான் மருந்தையே தொடுவாங்க. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீதான் போன்ல பட்டறை ஆளுங்களைத் திட்டிக்கிட்டிருந்தே."

நர்ஸ் சிவப்புப் பையோடு உள்ளே நுழைந்தாள்.

முதலாளி பையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"இவ்வளவுக்கு அப்புறமும்... என்னைக் காப்பாத்தறியா?"

"பின்னே? நீ தேறி, கோர்ட்டுக்கு உன் கால்ல நடந்து வரணும். சீக்கிரம் போய்ச் சேர்ந்து தப்பிச்சுக்கலாம்னு பாத்தியா?"

ரிசீவரை வைக்கப் போனவள், எதையோ மறந்தவள்போல மறுபடி காதில் வைத்தாள்.

"பூட்டு வெட்டிப் பழகின கையாச்சே... ஜெயில்ல உனக்கு ரெட்டைப் பூட்டாப் போடச் சொல்லியிருக்கேண்ணா."