வலது மூக்கில் துளை

அந்தத் தாலுகா ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். என் மனு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் எதையாவது சொல்லப்போய், அவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டால் இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுப்போகும். எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. நான் அங்கே போவது அது ஆறாவது நடை. வாசலில் சர்பத் போடும் இலியாஸ் பாய் என்னைப் பார்த்ததும், இன்றைக்காவது கொடுப்பார்களா என்று கேட்டார். நான் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

விஷயம் இவ்வளவுதான். என் அப்பா அம்மா எனக்கு வைத்த பேர் மூக்கம்மாள். எனக்கு முன்னால் பிறந்தவை எதுவும் தங்கவில்லை என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். வலது மூக்கைக் குத்தி, மூக்கன் என்றோ மூக்கம்மாள் என்றோ பேர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு நினைத்துக்கொண்டு போய்விடுமாம்.

சாவு என்ன நினைத்ததோ, நர்சிங் காலேஜில் கூடப் படித்தவளுக எல்லாரும் அப்படித்தான் நினைத்தாளுக. நாலு வருஷம் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தே என்னை ஒரு வழி பண்ணிவிட்டாளுக. அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அரசிதழில் கொடுத்து தீபலட்சுமி என்று மாற்றிக்கொண்டேன். மூக்குத்தியையும் கழற்றி டப்பாவில் போட்டேன். அந்தப் பேரை எங்கே பிடித்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே காதில் கிடந்த பேர். அம்மாவிடம் சொன்ன அன்றையிலிருந்து அவள் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. பழைய காலத்து மனுஷி, கோபம் தணிந்தால் சாப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு என் பேர் பட்டியலில் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. மார்க் ஷீட்டெல்லாம் மூக்கம்மாள், ஆதார் தீபலட்சுமி. இருவரும் ஒருவரே என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். ஒரே ஒரு தாள். அது இல்லையென்றால் எனக்கு அடுத்து நிற்கிறவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பா போன பிறகு கூலிக்குப் பருத்தி எடுத்து என்னைப் படிக்க வைத்தவள் என் அம்மா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

எழுத்தர் சௌந்தரபாண்டியன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"தீபலட்சுமி இறந்துட்டாங்களேம்மா."

திரையை என் பக்கம் திருப்பினார். பெண் குழந்தை, வயது மூன்று, இறந்தது தொண்ணூற்று மூன்றில். தகப்பன் முத்துராமலிங்கம், தாய் தங்கலட்சுமி, எங்கள் ஊர், எங்கள் தெரு. நான் பிறந்ததே தொண்ணூற்று ஏழில் என்றேன். அதெல்லாம் சரி, பேரும் தாய் தகப்பனும் ஒத்துப்போகிறதே என்றார். செத்த பிள்ளை எப்படி சார் உங்கள் முன்னால் வந்து நிற்கும் என்று கேட்டேன். அதைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும், பதிவறையில் போய் மூலப் பதிவேட்டின் நகலை வாங்கிவாருங்கள் என்றார்.

இருபத்தெட்டு வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதற்கு நகல் கேட்கிறார்கள். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தேன்.

பதிவறை வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வெயிலும் பஸ் சத்தமும் பின்னால் நின்றுவிட்டன. கூரை வரைக்கும் அலமாரி, சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள், நடுவில் ஒரே ஒரு பல்பு. பழைய தாள் வாசம், பல்லி எச்சத்தின் வாசம். அதற்கும் அடியில் இன்னொரு வாசம் இருந்தது.

நனைந்த கரிசல் மண்.

மழை பெய்து நாலு மாதம் ஆகிறது.

பதிவறை பார்க்கும் வெள்ளத்துரை வயசாளி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுபடியும் என்ன தாயி? அதான் காலையிலயே வாங்கிட்டுப் போயிட்டியே."

நான் இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டைத் தள்ளினார். நகல் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியதற்குக் கீழே தீபலட்சுமி என்று கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக, தனித்தனியாக, சிலேட்டில் எழுதிப் பழகுகிற பிள்ளை எழுதினாற்போல இருந்தது. மை இன்னும் காயவில்லை.

அது நான் இல்லை என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார். அப்போதுதான் அவர் சிரிப்பு போனது.

"உன் முகந்தான் தாயி. உன் உசரந்தான். ஆனா அந்தப் புள்ளைக்கு மூக்குல இந்தத் துளை இல்ல."

கீழே பார்த்தேன். வாசற்படியிலிருந்து மேசை வரை ஈர மண் கட்டி கட்டியாக உதிர்ந்து கிடந்தது. உள்ளே வந்த தடம் மட்டுமே இருந்தது.

திரும்பிப் போன தடத்தைக் காணோம்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ மெள்ள நகர்ந்தது. எலி என்றார் வெள்ளத்துரை. ஆனால் அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சரி, எனக்கு ஒரு நகல் கொடுங்கள் என்றேன். அவர் நோட்டைப் பட்டென்று மூடினார். அந்த நிலையிலும் அவர் சொன்னதைக் கேட்டீர்களா? ஒரு நகல் கொடுத்தாகிவிட்டதாம். இன்னொன்றுக்குப் புது மனுப் போட வேண்டுமாம், மூன்று வேலை நாளாம். பேய் வந்து வாங்கிப் போனாலும் ஆபீஸ் கணக்கில் அது வாங்கினதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். யார் அந்தத் தீபலட்சுமி என்று கேட்டேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பேர இந்த வீட்டுல சொல்லாத. அவதான் தலைச்சன். அம்மை கண்டு போனா. காட்டு ஓரத்துல உடைமரத்தடியிலதான் வச்சோம். அதுக்கப்புறம் பெறந்த பயக ரெண்டு பேரையும் முப்பது நாளு தாண்ட விடல. வெளையாட ஆளு வேணும்னு கூட்டிட்டுப் போயிட்டா. உன் மூக்கக் குத்துனது சாவுக்குப் பயந்து இல்லத்தா. அவ பாத்தா அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான்."

ரெண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்று அழுதாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் வேறு பேர் வைத்திருப்பேனே என்று சொல்ல வந்தவள், பாதியில் நின்றுவிட்டேன்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது நாலு வயசு இருக்கும். அம்மா என்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். உடைமரத்து நிழலிலிருந்து ஒரு பிள்ளை வந்து என்னோடு கல் விளையாடியது. அதன் கையெல்லாம் மண். தன் பேர் தீபலட்சுமி என்றது. என் பேரைக் கேட்டது, மூக்கம்மாள் என்றேன். என் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"அப்ப நீ எங்க வீட்டுப் புள்ள இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.

வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பழைய பேருக்கே போய்விடு என்று அம்மா என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். ஒரு தடவை மாற்றவே நாய் படாத பாடு பட்டேன், திரும்ப மாற்ற இன்னும் எத்தனை நடையோ என்று சலித்துக்கொண்டேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

புதன்கிழமை தாசில்தாரை நேரே பார்க்க முடிந்தது. ஜெகதீஸ்வரி மேடம் நல்லவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாத் தாளையும் பொறுமையாகப் படித்தார். நகல் கிடக்கட்டும், உன் பத்தாம் வகுப்புச் சான்றில் அங்க அடையாளம் எழுதியிருக்கிறது, அது உன் உடம்பில் இருந்தால் நீதான் மூக்கம்மாள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு நடையில் முதல்தடவையாக ஒரு மனுஷி மனுஷியாகப் பேசினார்.

அவர் சத்தமாகப் படித்தார். வலது மூக்கில் துளை.

பேனாவின் மூடியைத் திறந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கம்மா?"

விரலால் தடவினேன்.

வழவழவென்று இருந்தது.

இன்னொரு தடவை தடவினேன். இருபத்தெட்டு வருஷமாக முகம் கழுவும்போதெல்லாம் விரலில் பட்ட துளை. காலையில் பவுடர் போடும்போதுகூட இருந்தது. மேடம் பேனாவை மூடினார். மன்னித்துக்கொள்ளம்மா, நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இந்தச் சான்றிலிருக்கிற பெண் நீ இல்லை என்றார். அந்த ஏசி அறையில் எனக்கு ஈர மண் வாசம் அடித்தது. அவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்ததும் அம்மாவின் கண் மூக்குக்குத்தான் போனது. டப்பாவைத் திறந்து பழைய மூக்குத்தியை எடுத்தாள். ஊசியை விளக்கில் காட்டி என் மூக்கில் குத்தினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது, ரத்தம் உதட்டில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மூக்குத்தியைக் கோக்கப் போனாள். துளையைக் காணோம். இன்னொரு தடவை குத்தினாள். மூன்றாவது தடவை ஊசி அவள் கையிலிருந்து விழுந்தது. அப்போதுதான் என் போனில் மெசேஜ் வந்தது.

உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று ஆபீஸிலிருந்து வந்திருந்தது. மேடம் மனசு மாறிவிட்டார் போல என்று நினைத்து, அம்மாவிடம் அழாதே என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். நான் ஏழு நடை நடந்தும் கிடைக்காதது ஒரே நாளில் ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் அது என் மனு இல்லை. இறப்புச் சான்றுக்கான விண்ணப்பம்.

இறந்தவர் பெயர்: மூக்கம்மாள்.

இறந்த தேதி என்ற இடம் மட்டும் நிரப்பாமல் கிடந்தது.

விண்ணப்பித்தவர்: தீபலட்சுமி.

இறந்தவருக்கு உறவு: அக்கா.