உணர்காலச் சட்டம், பிரிவு ஒன்பது

ஏழு நிமிடத்தில் ஓராண்டுச் சிறை. செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து மாநிலம் முழுக்க இதே பேச்சுதான். உணர்கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு சாய்ந்தால் போதும். மூளைக்குள் பொழுது விடியும், சோறு வரும், கதவு பூட்டும். ஒன்றுகூடக் குறையாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாள். கண்ணைத் திறந்தால் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிடம்தான் நகர்ந்திருக்கும். இனிக் கைதிகள் தண்டனையை இப்படியே கழித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று மாநிலப் பேரவை ஒருமனதாகச் சட்டம் போட்டுவிட்டது.

அந்தச் சட்டத்தை எழுதியவள் கமலவேணி. சட்டத்துறையில் வரைவாளர். வெள்ளிக்கிழமை காலை சிறை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி திருமாறன் இன்றைக்கு வெளியே வருகிறான். வண்டி நிறுத்தும் தகராறில் அவன் ஓங்கிய இரும்புக் கம்பியில் ஒரு மனிதர் செத்துப்போனார். பதின்மூன்று ஆண்டு போட்டார்கள். அது நியாயமான தண்டனை என்று கமலவேணியே சொல்வாள். நான்கை நிஜமாகவே கழித்தான். மீதி ஒன்பதைப் போன மாதம் நடந்த சோதனை ஓட்டத்தில், கவசத்துக்குள் அறுபத்து மூன்று நிமிடத்தில் முடித்திருந்தான்.

அந்த நிமிடங்கள் செல்லாக்காசாகிவிடக் கூடாதே என்றுதான் பிரிவு ஒன்பதை அத்தனை இறுக்கமாக எழுதினாள். சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, யார் கவசத்தில் கழித்தாலும், அந்த உணர்காலம் இம்மாநிலத்தின் எல்லாச் சட்டங்களுக்கும் மெய்யான சிறைவாசமே. "தம்பிக்காகத்தானே இது?" என்று மேலதிகாரி கேட்டார். "ஆமா சார், எல்லார் தம்பிக்காகவும்தான்" என்றாள்.

சிறைக் கண்காணிப்பாளர் அந்தோணிராஜின் அறையில் திருமாறன் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். முகத்துக்கு முப்பத்தொரு வயது. நிதானத்துக்கு நாற்பது.

"ஏதாவது சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா. நீ ஏன் மூச்சு வாங்குற? மெதுவா வரக் கூடாது?"

அந்தோணிராஜ் தொண்டையைச் செருமினார். "கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேம்மா, மேலேருந்து போன் வந்துடுச்சு. கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்றாங்க. எழுத்துல இன்னும் எதுவும் வரல." சுவரிலிருந்த டிவியைக் காட்டினார்.

வினை செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு வாக்கெடுப்புக்கு முன்னால், கேமராக்களைப் பார்த்ததும் சட்ட அமைச்சருக்கு உற்சாகம் பீறிட்டது. "நானே போட்டுப் பார்க்கிறேன், மூன்றாண்டு" என்று அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் விடுவாரா? "எனக்கு நான்கு" என்றார். அதற்கப்புறம் மூன்றுக்குக் கீழே கேட்க எந்த உறுப்பினருக்கு வாய் வரும்? நாற்பது கவசம், ஆறு சுற்று. பேரவைத் தலைவர் உட்பட இருநூற்றுப் பத்துப் பேரும் போட்டு எழுந்தார்கள். பாதிப்பேர் குழந்தை மாதிரி அழுதார்கள். அழுத கையோடு மேசையைத் தட்டிச் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

இன்று காலை ஒரு வக்கீல் மனுப் போட்டுவிட்டார். மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறையிலிருந்தவர் பேரவையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று மாநிலத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. பிரிவு ஒன்பதின்படி பார்த்தால் இருநூற்றுப் பத்துப் பேருக்கும் பதவி காலி.

கமலவேணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிவியின் கீழே ஓடிய வரியைப் படித்ததும் அது நின்றது. அவசரத் திருத்தம்: உணர்காலம் காலமன்று.

பதவி போனவர்கள் போட்ட சட்டம் எப்படிச் செல்லும், அது செல்லாவிட்டால் இவர்கள் பதவி எப்படிப் போகும் என்றெல்லாம் அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நாற்காலி தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"அவங்களுக்கு அது கனவுன்னா, எனக்குக்கா?" என்று திருமாறன் கேட்டான்.

"உனக்கும் கனவுதான்டா. ஒன்பது வருஷமும் முதல்லேருந்து." தான் எழுதிய ஒரே பத்தியால் தம்பியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

டிவியில் சட்ட அமைச்சர் முழங்கிக்கொண்டிருந்தார். "அது ஒரு குட்டித் தூக்கம். விழித்தேன், மறந்தேன். இதைப் போய்ச் சிறை என்பதா?" எதிர்க்கட்சித் தலைவர் முதல்முறையாக அவரை ஆமோதித்தார். மேசைகள் அதிர்ந்தன. எதிர்த்துப் பேச ஒரு குரல்கூட இல்லை. வெளியே நிற்கும் உறுப்பினர்களை வாக்கெடுப்புக்கு அழைக்கப் பேரவைத் தலைவர் மணியடிக்கச் சொன்னார்.

மணி அடித்தது.

அமைச்சரின் வாய் பாதிச் சொல்லில் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். யாரும் சொல்லாமலே இருநூற்றுப் பத்துப் பேரும் நடுக்கூடத்துக்கு வந்து, இரண்டிரண்டு பேராக வரிசை கட்டினார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின, தலைகள் குனிந்தன. பேரவைத் தலைவர் தம் உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கி வந்து கடைசி ஜோடியில் சேர்ந்துகொண்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் கலந்து நின்றது.

கமலவேணி திரும்பிப் பார்த்தாள். தம்பியும் நாற்காலியை விட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தான்.

"ஆள் எண்ற மணிக்கா" என்றான், தலையைத் தூக்காமல். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கேட்டா உடம்பு தானா போயிடும். நம்மகிட்ட அனுமதி கேக்காது."

அந்தோணிராஜ் டிவிக்குக் கிட்டே போய் அந்த வரிசையை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகக் கைதிகளை எண்ணியவர். "பிசிறே இல்லையேம்மா. வருஷக்கணக்கா உள்ள கிடக்காம இப்படி நிக்க வராது. கனவாம்ல, கனவு" என்றார். மேசைக்குத் திரும்பி, விடுதலைத் தாளில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். "வாயால சொன்னதுக்கெல்லாம் நான் காத்திருக்க முடியாது. சட்டம் இந்த நிமிஷம் உயிரோடதான் இருக்கு. தம்பி, உக்காரு. இல்ல, வேணாம். வீட்டுக்குப் போ."

கமலவேணி தாளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். டிவியில் ஒருவரும் அசையவில்லை.

"இவங்க எப்ப சார் உட்காருவாங்க?"

"வார்டர் வந்து எண்ணிட்டு, சரி உக்காருன்னு சொல்லணும். அதுவரைக்கும் நிப்பாங்க."

"யாராவது போய்ச் சொல்லணுமே."

"சொல்லலாம்தான்" என்றபடி அந்தோணிராஜ் டிவியை அணைத்தார். "ஆனா அது என் ஜெயில் இல்லையேம்மா."