போ இல்லாத மொழி

விண்துறைமுகத்தின் காலை வழக்கம்போலத்தான் தொடங்கியது. "போயிட்டு வர்றேன்" என்று அறிவித்துவிட்டு ஒவ்வொரு கலமாகக் கிளம்பிப் போனது. டைட்டன் நிலவுக்குப் போகும் ஒருவழிக் கலம் மட்டும் நகரவில்லை. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டதும் உறுமுவதற்குப் பதில் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க!" என்றது. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் வரவேற்பு.

கலத்துக்குள்ளிருந்து மங்கையர்க்கரசி, கட்டுப்பாட்டு அறையில் பணியிலிருந்த நிரலாளன் ஆரோக்கியதாஸின் காதுக்கருவியில் கத்தினாள். "டேய் தாஸ்! இன்னிக்கு விட்டா அடுத்த கலம் பன்னிரண்டு வருஷம் கழிச்சுத்தான். அந்த வயசுல என்னை எவன் ஏத்துவான்? என் பொண்ணு அங்க காத்துக்கிட்டிருக்காடா. என்ன பண்ணித் தொலைச்சே?"

"நாம பண்ணினதுன்னு சொல்லு."

உண்மைதான். கல்லூரி கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு இருவரும் விளையாட்டாகக் கட்டிய கிறுக்கு மொழி 'வருக'. கிளம்பும்போது 'போறேன்' என்று யாராவது சொல்வார்களா? அதனால் அதில் 'போ' என்ற கட்டளையே கிடையாது, 'வா' மட்டும்தான். ஓடும் வரிக்கு அடுத்து எங்கே என்று தெரியாது. எங்கோ ஒளிந்திருக்கும் இன்னொரு வரி, 'அது முடிந்ததும் இங்கே வா' என்று அதை இழுத்துக்கொள்ளும். பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிற்பாடு செயற்கை அறிவுகள் உலகத்து நிரல்களையெல்லாம் படித்து உடைத்தபோது, பிடிபடாமல் தப்பியது இந்தக் கிறுக்கு ஒன்றுதான். இன்று மின்தூக்கி முதல் விண்கலம் வரை எல்லாமே 'வருக'.

தாஸ் அந்த மொழியின் மூலநிரலை அடிவயிறு வரை தேடினான். கிடைத்தது.

"என்னடா, கிடைச்சுதா? படி."

"'மங்கை திரும்பி வராத இடத்துக்குக் கிளம்பினால், இங்கே வா.'" படித்தான். "காலேஜ் கடைசி நாள் எழுதினது. மறந்தே போயிட்டேன்."

அந்தப் பக்கம் மங்கை சிரித்தாள். "கழுதை. கம்ப்யூட்டர்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"யாருக்குத் தெரியும்... அழிச்சிடு, தாஸ்."

'அழி' என்று தட்டினான். திரை மறுத்தது: 'இப்படியா கேட்பது?'

மரியாதையில்லாத கட்டளையை 'வருக' ஏற்காது. அது மங்கை சேர்த்த குறும்பு. 'நீதான் யார்கிட்டயும் கெஞ்ச மாட்டியே, இதுகிட்டயாவது கெஞ்சு' என்றிருந்தாள்.

'தயவுசெய்து அழி.'

'போதாது.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். 'தயவுசெய்து, தயவுசெய்து, அவளை விட்டுவிடு.'

கலம் உறுமியது.