பழைய ரோட்டுச் சுமைதாங்கி

ஏழாம் மாதம் தொடங்கியதும் டாக்டரம்மா, "சாயங்காலம் கொஞ்சம் நட, படுத்தே கிடக்காதே" என்றார். எங்கே நடப்பது? ஊரப்பாக்கத்தில் நாங்கள் வீடு வாங்கியிருந்த மனைப்பிரிவில் அப்போது ஆள் குடியிருந்ததே நாலைந்து வீடுகளில்தான். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நடந்தால் பிரசவம் லாரிக்கு அடியில். அதனால் பழைய ரோட்டுக்குப் போனேன்.

வெள்ளைக்காரன் காலத்து ட்ரங்க் ரோட்டின் ஒரு துண்டு அது. நெடுஞ்சாலையை நேராக்கியபோது, ஏரியை ஒட்டி வளைந்து போன இந்தப் பாகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏற்றம் இறக்கம் கிடையாது. ஒரு பக்கம் வயசான புளியமரங்கள், மறுபக்கம் ஏரி, எப்போதும் ஈர மண் வாசனை. காற்று திரும்பினால் வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் சிங்கம் உறுமுவது கேட்கும். முதல் நாள் பயந்தேன். பிறகு, அதுவாவது நம்மிடம் பேசுகிறதே என்றிருந்தது.

வீட்டில் பேச ஆள் இல்லை. என் கணவன் பத்ரிக்குக் கால் சென்டரில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். எனக்கு அம்மா இல்லை. மாமியார் எங்கள் காதல் கல்யாணத்தை இன்னும் மன்னிக்கவில்லை. வளைகாப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதைத் தவிர வாயே திறக்காத நாட்கள் உண்டு. அழுகையாக வரும்.

ரோட்டின் நடுவாக்கில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள், கைகொடுக்க ஆள் இல்லாமலே இறக்கி வைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் அந்தக் காலத்தில் வைத்தது. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்ததில் கல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அங்கே நின்று மூச்சு வாங்குவேன்.

அங்கேதான் அவள் வந்தாள்.

"எத்தினி மாசம்?"

அதுவரை என்னை அக்கம்பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி. திரும்பினேன். அவளும் கர்ப்பிணி, நிறைமாதம். முதுகில் கையை ஊன்றி நின்றாள்.

"ஏழு. உங்களுக்கு?"

"எனக்கு எப்பவோ ஆயிடுச்சி."

ஏதோ தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சேர்ந்து நடந்தோம். அவள் எப்போதும் ஏரிப் பக்கம்தான் வருவாள். காயாத துணி வாசனை வரும். நான்தான் பேசுவேன், ஓயாமல். அவள் எப்போதாவது "இடுப்பு ஒடியுது" என்பாள். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஒருநாள், அதே ரோட்டில் சர்க்கரைக்காக நடக்கும் முஸ்தபா பாய் என்னை நிறுத்தினார். தாம்பரத்தில் டயர் கடை வைத்திருந்தவர்.

"இன்னாம்மா, டெய்லி தனியா பேசிகினே போறே? செல்போன்னு நெனச்சேன். அதுவும் கையில காணோம்."

"தனியா இல்ல பாய். கூட ஒருத்தங்க வராங்களே."

பாய் ஏரிப் பக்கம் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அந்தக் கல்லு நெறமாசத்துல செத்த பொண்ணுக்கு வெச்சதும்மா. வயித்துச் சுமையோட போயிட்டா. போறவங்க வரவங்க அதும்மேல சுமைய எறக்கினா, அவளுக்குக் கொஞ்சம் லேசாகும்னு வெக்கறது. இப்ப எவன் சுமக்கறான்? நானே கைய வீசிகினுதான் போறேன்." பிறகு சொன்னார். "நீ நாளைலேந்து வராதே."

இரண்டு நாள் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பயத்தைவிட அந்த வீடு கொடுமையாக இருந்தது. மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன்.

மேகம் மூடியிருந்தது. அவள் கல்லருகே நின்றாள்.

"ரெண்டு நாளா காணோம்."

"உடம்பு சரியில்ல."

"கனக்குதா?"

கனத்தது. அவள் கேட்ட நொடியிலிருந்து கனத்தது. கால் நகரவில்லை.

"செத்த எறக்கி வையேன்."

கல்லில் சாய்ந்தேன். வயிறு பட்டதும் வலியெல்லாம் போய்விட்டது. அப்படி ஒரு சுகம், நின்றபடியே கண் சொருகியது. புளிய இலைகூட அசையவில்லை.

என் வயிற்றுக்குள்ளும் அசைவில்லை.

உள்ளங்கை கல்லின் மேல் இருந்தது.

கல் உதைத்தது.

என் பிள்ளை அங்கே இருந்தது. கத்தினாலும் யார் வரப்போகிறார்கள்? சுமைக்காரர்கள் செய்வதைச் செய்தேன். முழங்காலை மடித்து, வயிற்றைக் கல்லோடு ஒட்டி, இரண்டு கையாலும் அணைத்து, குன்றத்தூர் முருகா என்று மூச்சைப் பிடித்து எழுந்தேன்.

ஏறியது. இறக்கியதைவிடக் கனமாக.

"எனக்கு ஏத்திக்கத் தெம்பு இல்லம்மா" என்றாள் அவள். "எறக்கத்தான் ஆளு தேடினேன்."

அவள் வயிறு ஒட்டியிருந்தது. வாக்கிங் போகிறவர்களைப் போலக் கைகளை வீசிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஸ்கேனில் முதலிலிருந்தே ஒரு குழந்தைதான், பிறந்ததும் ஒன்றுதான். ஆனால் வயிற்றுக்குள் உதை நிற்கவில்லை. டாக்டரம்மா வாயு என்றார், மாத்திரை கொடுத்தார். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை.

மகளுக்குத் தலை நின்றதும் அவளைத் தூக்கிக்கொண்டு பழைய ரோட்டுக்குப் போனேன். உள்ளே உதைப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான். அங்கே புளியமரங்கள் இல்லை. ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். கல் இருந்த இடத்தில் இரண்டு குழிகள், அவற்றில் மழைத்தண்ணீர்.

அன்று பத்ரிக்கு வார விடுமுறை. விளக்கை அணைத்ததும், எத்தனையோ நாளுக்குப் பிறகு என் வயிற்றின் மேல் கையைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு விறைத்தது.

"மிருது, என்ன இது?" என்றான் மெதுவாக.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதே பத்ரி. இருட்டுன்னா அது பயப்படும்."